இரு நீல அணி: பிஷப் ஆக்லாந்து பத்துக் கோப்பை வென்றதும் பிறகு சரிந்ததும் எப்படி?

1954 ஏப்ரலில் இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டு சிற்றூர்கள் ஒரே கோப்பைக்காக மூன்று முறை மோதின. ஒன்று பிஷப் ஆக்லாந்து. மற்றது அங்கிருந்து 8 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் க்ரூக். லண்டன் வெம்ப்ளியில் நடந்த முதல் ஆட்டத்தை 1 லட்சம் பேர் பார்த்தார்கள், 2–2. நியூகாசிலில் மறு ஆட்டம், சுமார் 56,000 பேர், மறுபடியும் 2–2. மிடில்ஸ்பரோவில் மூன்றாவது ஆட்டம், சுமார் 36,000 பேர். க்ரூக் 1–0 என்று கோப்பையைத் தூக்கியது. களத்தில் ஓடியவர்களில் ஒருவர்கூட ஆட்டத்துக்குக் கூலி வாங்கக் கூடாது என்பது விதி. பள்ளி ஆசிரியர்கள், வியாபாரிகள், தொழிலாளிகள் ஆகியோரின் சனிக்கிழமை விளையாட்டைப் பார்க்க ஏறத்தாழ 1,90,000 பேர் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள்.

எஃப்ஏ, அதாவது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், கூலி வாங்காத ‘அமெச்சூர்’ ஆட்டக்காரர்களுக்காக நடத்திய அந்தக் கோப்பைக்கு எஃப்ஏ அமெச்சூர் கோப்பை என்று பெயர். 1893–94இல் தொடங்கி 1974 வரை நடந்தது. அதை அதிக முறை வென்ற கிளப் பிஷப் ஆக்லாந்துதான்: 1896, 1900, 1914, 1921, 1922, 1935, 1939, 1955, 1956, 1957 என்று பத்து முறை. இறுதியில் தோற்றது எட்டு முறை. இந்தப் பதினெட்டு இறுதி ஆட்டங்களை ஆடியது, சுமார் 25,000 பேர் வாழும் ஓர் ஊரின் அணி. அதே கிளப் 2006இல் இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாம் அடுக்குக்கு இறங்கியது. அப்போது அதற்குச் சொந்தமாக ஒரு மைதானம்கூட இல்லை.

சுரங்கங்கள் மூடின, ஊர் தேய்ந்தது, அணியும் தேய்ந்தது என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அதே சுரங்கப் பகுதியில் நியூகாசிலும் சண்டர்லாண்டும் இன்றைக்கும் பெரிய கிளப்புகளாக இருப்பதை அந்தக் காரணம் விளக்காது. பிஷப் ஆக்லாந்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் புரிந்துகொள்ள, ஆட்டக்காரனுக்கு எவ்வளவு கூலி கொடுக்கலாம் என்று சொன்ன இரண்டு விதிகளைப் பார்க்க வேண்டும்.

மேற்றிராணியார் மாளிகையில் தொடக்கம்

ஊரின் பெயரிலேயே பிஷப் இருக்கிறார். 2012 வரை டர்ஹம் மேற்றிராணியார்களின் இருப்பிடமாக இருந்த ஆக்லாந்து மாளிகை இங்கே இருக்கிறது. 1879 முதல் 1889 வரை அந்தப் பதவியில் இருந்த ஜோசஃப் லைட்ஃபுட், ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து முடித்த இளைஞர்களை மாளிகையிலேயே தங்கவைத்துக் குருப்பணிக்குப் பயிற்சி கொடுத்தார். கல்லூரியில் பழகிய கால்பந்தை அவர்கள் இங்கேயும் ஆடினார்கள். 1882இல் தேவாலயச் சங்கத்தின் பெயரில் ஓர் அணி அமைந்தது. 1886இல் உள்ளே பிணக்கு வந்து ஒரு பிரிவு வெளியேறி, ஆக்லாந்து டவுன் என்ற பெயரில் தனி அணி தொடங்கியது. இன்றைய கிளப் தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது.

சட்டையின் நிறமும் அங்கிருந்து வந்ததே. ஆக்ஸ்ஃபோர்டின் அடர்நீலமும் கேம்பிரிட்ஜின் வெளிர்நீலமும் சேர்ந்ததால் ‘இரு நீலங்கள்’ என்று பட்டப்பெயர். சுரங்கத்தில் கரி வெட்டியவர்களும் ரயில் பட்டறையில் சுத்தி பிடித்தவர்களும் பல காலம் இரண்டு பல்கலைக்கழகங்களின் நிறத்தைப் போட்டு ஆடினார்கள். 1951இல் வெம்ப்ளியில் அவர்களை 2–1 என்று தோற்கடித்த பெகசஸ், ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து உருவாக்கிய அணி.

1889இல் நார்தர்ன் லீக் தொடங்கியபோது அதன் பத்து நிறுவன உறுப்பினர்களில் ஆக்லாந்து டவுனும் ஒன்று. முந்தைய ஆண்டு பிறந்த ஃபுட்பால் லீக்குக்கு அடுத்தபடியாக, இன்றும் நடக்கும் லீக்குகளில் உலகிலேயே மூத்தது இது. இங்கே ஒரு சொல்லை விளக்கிவிடுவது நல்லது. இங்கிலாந்தில் ‘லீக்’ என்று மட்டும் சொன்னால் அந்த ஃபுட்பால் லீக்கையே குறிக்கும். இன்றைய கணக்கில் பிரீமியர் லீக்கின் 20 கிளப்புகளும் அதற்குக் கீழுள்ள 72 கிளப்புகளும் சேர்ந்து 92. அந்த 92க்கு வெளியே உள்ள எல்லாமே ‘நான்-லீக்’. எத்தனை கோப்பை வென்றிருந்தாலும் பிஷப் ஆக்லாந்து தன் வாழ்நாள் முழுக்க நான்-லீக் கிளப்தான்.

ஏன் தொழில்முறைக்குப் போகவில்லை?

ஆட்டக்காரருக்குக் கூலி கொடுப்பதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1885இல் சட்டபூர்வமாக்கியது. அதன்பின் ஒவ்வொரு கிளப்பும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நார்தர்ன் லீக்கில் முதலில் இருந்த மிடில்ஸ்பரோவும் நியூகாசில் ஈஸ்ட் எண்டும் கூலிப் பக்கம் போயின. ஈஸ்ட் எண்ட்தான் பிறகு நியூகாசில் யுனைடெட் ஆனது. நார்தர்ன் லீக்கோ 1906 முதல் முழுவதும் அமெச்சூர் லீக்காகிவிட்டது. பிஷப் ஆக்லாந்து அங்கேயே நின்றது.

அது கோழைத்தனமான முடிவா? 1921இல் ஃபுட்பால் லீக் வடக்குப் பகுதிக்கு மூன்றாம் டிவிஷன் ஒன்றைத் திறந்தபோது, அதே மாவட்டத்து டர்ஹம் சிட்டியும் சற்று வடக்கே இருந்த சுரங்க ஊர் ஆஷிங்டனும் உள்ளே நுழைந்தன. அந்தக் காலத்தில் கடைசி இடங்களில் முடித்த கிளப்புகள் மறுதேர்தலுக்கு நிற்க வேண்டும். மற்ற கிளப்புகள் வாக்களித்து வைத்துக்கொள்ளும் அல்லது வெளியேற்றும். டர்ஹம் சிட்டி 1928இல் வெளியேற்றப்பட்டு அதன் இடம் கார்லைல் யுனைடெடுக்குப் போனது. ஆஷிங்டன் 1929இல் வெளியேற, யார்க் சிட்டி வந்தது. சிற்றூரின் கேட் வசூலை நம்பி வாரக்கூலி கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து ஊர்களே எட்டே ஆண்டுகளில் காட்டிவிட்டன. எங்கள் பார்வையில் பிஷப் ஆக்லாந்து சரியான பக்கத்தில்தான் நின்றது. அந்தப் பக்கத்தில் அது முதல் வரிசைக் கிளப். எதிர்ப்பக்கம் போயிருந்தால் கடைசி வரிசை.

1907இல் நடந்த ஒரு பிளவும் உதவியது. மாவட்டச் சங்கங்கள் தொழில்முறைக் கிளப்புகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைமைச் சங்கம் சொன்னதும், தெற்கத்திய அமெச்சூர் கிளப்புகள் பல கோபித்துக்கொண்டு தனிச்சங்கம் அமைத்து 1914 வரை விலகி நின்றன. வடகிழக்குக் கிளப்புகள் விலகவில்லை. அந்த இடைவெளியில் 1912இல் ஸ்டாக்டன், 1913இல் சவுத் பேங்க், 1914இல் பிஷப் ஆக்லாந்து என்று மூன்று ஆண்டு தொடர்ந்து கோப்பை நார்தர்ன் லீக்குக்கே வந்தது.

இந்த மண்ணின் கால்பந்து வளத்துக்கு இன்னும் இரண்டு சான்றுகள். ஊரிலிருந்து 5 கிலோமீட்டரில் வெஸ்ட் ஆக்லாந்து என்ற கிராமம். அந்தக் கிராமத்து அணி இத்தாலியின் டூரினில் நடந்த சர் தாமஸ் லிப்டன் கோப்பையை 1909இலும் 1911இலும் வென்றது. இரண்டாம் முறை இறுதியில் யுவென்டஸை 6–1 என்று தோற்கடித்தது. பயணச் செலவுக் கடனுக்காகக் கோப்பையை ஊர் விடுதிக்காரரிடம் ஈடாக வைத்தார்கள். திரும்பி வர 1960 ஆயிற்று. க்ரூக்கில் பிறந்த ஜாக் கிரீன்வெல் பார்சிலோனா அணியின் பயிற்சியாளரானார். 1939இல் பெரு நாட்டைத் தென் அமெரிக்கச் சாம்பியன் ஆக்கினார்.

கூலி இல்லாத ஆட்டத்தில் பணம் எப்படிப் புழங்கியது?

அமெச்சூர் விதியின் சாரம் எளிது: பயணத்துக்கும் தங்குவதற்கும் உண்மையில் செலவான தொகையை மட்டும் ஆட்டக்காரர் திரும்பப் பெறலாம். ஆட்டத்துக்காக ஒரு ஷில்லிங் வாங்கினாலும் அவர் தொழில்முறை ஆட்டக்காரர். அமெச்சூர் கோப்பையில் ஆட முடியாது.

நடைமுறையில் ‘உண்மையில்’ என்ற அந்தச் சொல்லில்தான் ஓட்டை. பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்தவர் தொலைதூர ஊரிலிருந்து ரயிலில் வந்ததாகக் கணக்கு எழுதலாம். இயக்குநர் ஒருவரின் கடையிலோ பட்டறையிலோ வேலை கிடைக்கலாம். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குத் திரும்பினால், கழற்றி வைத்த ஷூவுக்குள் மடித்த நோட்டு இருக்கலாம். ‘பூட் பணம்’ என்ற பெயர் அப்படி வந்தது. கேட்டில் வசூலான ரொக்கத்தைப் பேரேட்டில் ஏற்றும் முன்பே ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டால் தணிக்கையில் தடயம் இருக்காது.

இது எவ்வளவு பரவியிருந்தது என்பது 1928இல் அம்பலமானது. க்ரூக் டவுன் மீது தொடங்கிய விசாரணையில், தண்டனை பெற்ற கிளப் மற்ற கிளப்புகளின் கணக்கையும் பார்க்கச் சொன்னது. முடிவில் டர்ஹம் மாவட்டத்தில் 300க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் கூலி வாங்கியதாகத் தீர்ப்பாகி, தடை செய்யப்பட்டார்கள். இதைத் தனிமனிதப் பேராசையாகப் பார்ப்பது தவறு. 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கத் தொழிலாளிகளின் வீடுகளில் பஞ்சம். சனிக்கிழமை மதியம் காலில் அடிபட்டால் திங்கட்கிழமைச் சம்பளம் போய்விடும். அந்த ஆபத்துக்கு ஈடாகச் சில ஷில்லிங் வாங்கியவரைக் குற்றவாளியாக்கிய விதி, வீட்டில் சொத்துள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

1950களின் அணி

இரண்டாவது விதி தொழில்முறைப் பக்கத்தில் இருந்தது. ஃபுட்பால் லீக் கிளப் எதுவும் ஆட்டக்காரருக்கு ஒரு வரம்புக்கு மேல் சம்பளம் தரக் கூடாது. உச்சவரம்பு 1951இல் வாரம் 14 பவுண்ட், 1953இல் 15, 1957இல் 17, 1958இல் 20. கோடையில் இதைவிடக் குறைவு. முப்பத்தைந்து வயதில் ஆட்டம் முடிந்துவிடும், ஓய்வூதியம் கிடையாது.

இப்போது ஒரு பட்டதாரி ஆசிரியரின் இடத்தில் நின்று பாருங்கள். நிலையான வேலை இருக்கிறது, விடுமுறை இருக்கிறது, வயதானால் ஓய்வூதியம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வாரம் 15 பவுண்டுக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில் லாபம் ஏதுமில்லை. அமெச்சூராகவே இருந்தால் சம்பளத்தோடு பயணப்படியும் உண்டு. வெம்ப்ளியில் 1 லட்சம் பேர் முன்னால் ஆடும் வாய்ப்பும் உண்டு. முதல் டிவிஷனில் ஆடக்கூடிய தரமுள்ள சிலர் நான்-லீக்கில் தங்கியதற்கு இதுதான் காரணம். 1949 முதல் அமெச்சூர் கோப்பை இறுதியை வெம்ப்ளிக்கு மாற்றியதும் ஆசை கூடியது. அந்த முதல் ஆண்டிலேயே 95,000 பேர் அளவில் கூடினார்கள்.

இந்தச் சூழலைப் பிஷப் ஆக்லாந்து யாரையும்விடத் திறமையாகப் பயன்படுத்தியது. அது ஊர்ப் பையன்களின் அணி என்ற எண்ணம் 1950களுக்குப் பொருந்தாது. கோல்கீப்பர் ஹாரி ஷாரட் லங்காஷயரில் ஆசிரியர். முன்கள வீரர் டெரெக் லூயின் மான்செஸ்டர் பக்கம். சீமஸ் ஓ’கானல் கார்லைலைச் சேர்ந்த மாட்டு வியாபாரிக் குடும்பம். நல்ல ஆட்டக்காரர் எங்கிருந்தாலும் ரயில் டிக்கெட் கொடுத்து வரவழைக்க முடிந்த கிளப் இது.

ஓ’கானலின் கதை அந்தக் காலத்து விதிகளின் விசித்திரத்தைக் காட்டும். அமெச்சூர் ஒருவர் கூலி வாங்காமல் தொழில்முறைக் கிளப்புக்கும் ஆடலாம். 1954 அக்டோபரில் செல்சிக்காக முதல் ஆட்டத்தில் இறங்கிய அவர் மான்செஸ்டர் யுனைடெடுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். செல்சி 5–6 என்று தோற்றது. ஆனால் அந்த சீசனின் முடிவில் செல்சி இங்கிலாந்தின் லீக் சாம்பியன். அதே சீசனில் பிஷப் ஆக்லாந்து ஹென்டனை 2–0 என்று வென்று அமெச்சூர் கோப்பையை எடுத்தது. இரண்டு அணியிலும் ஓ’கானல் இருந்தார்.

அணியின் அச்சு பாப் ஹார்டிஸ்டி. 1921இல் பிறந்தவர், உடற்கல்வி ஆசிரியர், நடுக்கள வீரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் நான்காம் இடம் பிடித்தபோது அந்த அணியில் இருந்தார். அந்த ஒலிம்பிக் அணியின் மேலாளர் மான்செஸ்டர் யுனைடெடின் மேட் பஸ்பி. இந்த அறிமுகம் பத்து ஆண்டு கழித்துப் பயன்பட்டது.

1954–55 சீசனின் எஃப்ஏ கோப்பையில், அதாவது தொழில்முறைக் கிளப்புகளும் ஆடும் பெரிய கோப்பையில், பிஷப் ஆக்லாந்து லண்டனுக்குப் போய்க் கிரிஸ்டல் பேலஸை 4–2 என்று வென்றது. அடுத்து இரண்டாம் டிவிஷனில் இருந்த இப்ஸ்விச்சை அவர்கள் மைதானத்தில் 2–2 என்று நிறுத்தி, வீட்டில் 3–0 என்று அடித்தது. நான்காம் சுற்றில் யார்க் சிட்டியிடம் 1–3 என்று தோற்றது. அந்த யார்க் அரையிறுதி வரை போனது. ஹென்டனுக்குப் பிறகு 1956இல் கொரிந்தியன் கேஷுவல்ஸை மறு ஆட்டத்தில் 4–1 என்றும், 1957இல் விக்கம் வாண்டரர்ஸை 3–1 என்றும் வென்று, தொடர்ந்து மூன்று முறை அமெச்சூர் கோப்பை. அந்தக் கோப்பையை மூன்று முறை தொடர்ந்து வென்ற வேறு கிளப் கிடையாது.

1958 பிப்ரவரி 6இல் மியூனிக் விமான விபத்து மான்செஸ்டர் யுனைடெட் அணியைச் சிதைத்தது. பிழைத்தவர்களும் ரிசர்வ் அணியிலிருந்தவர்களும் முதல் அணிக்கு ஏற்றப்பட, ரிசர்வ் அணியில் ஆளில்லை. அந்த இடத்தை நிரப்பப் பிஷப் ஆக்லாந்திலிருந்து ஹார்டிஸ்டி, லூயின், வாரன் பிராட்லி ஆகிய மூவரும் போனார்கள். ஹார்டிஸ்டி அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றிருந்தார்; அழைப்பு வந்ததும் மறுபடி ஷூ கட்டினார். பிராட்லி அங்கேயே தங்கி, ஆசிரியர் வேலையை விடாமல் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1959 மேயில் இத்தாலிக்கு எதிராக இங்கிலாந்தின் முதன்மை அணிக்காக முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். ஒரே சீசனில் இங்கிலாந்தின் அமெச்சூர் அணிக்கும் முதன்மை அணிக்கும் ஆடியவர் அவர் ஒருவர்தான்.

இவர்களுக்கு முன்பே கிளப் நாட்டுக்குக் கொடுத்த இன்னொருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. 1939 கோப்பை அணியில் ஆடிய பாப் பெய்ஸ்லி, அந்த வெற்றிக்குப் பின் லிவர்பூலில் சேர்ந்தார். பிற்காலத்தில் மேலாளராக மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வென்றது அவரே.

இரண்டு விதிகளும் போனபின்

1961 ஜனவரியில் உச்சவரம்பு நீங்கியது. ஆட்டக்காரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் நடத்திய போராட்டத்தின் பலன் அது. ஃபுல்ஹம் கிளப்பின் ஜானி ஹேன்ஸ் உடனே வாரம் 100 பவுண்ட் பெற்றார். தொழிலாளிக்கு நியாயமான ஊதியம் என்ற வகையில் அது தேவையான மாற்றம். ஆனால் ஆசிரியர் வேலையையும் கால்பந்தையும் தராசில் வைத்துப் பார்த்த அந்தப் பழைய கணக்கு அன்றோடு மாறிவிட்டது. இனித் திறமையுள்ள இருபது வயதுப் பையன் அமெச்சூராக இருக்கக் காரணமில்லை.

அதன்பின் அமெச்சூர் விதி மட்டும் தனியாக நின்றது, அதுவும் பெயரளவில். 1968இல் அரசு நியமித்த செஸ்டர் குழு, இந்தப் பாகுபாட்டையே ஒழிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1974இல் கால்பந்துச் சங்கம் அப்படியே செய்தது. எல்லோரும் இனி ‘ஆட்டக்காரர்’ மட்டுமே. அமெச்சூர் கோப்பை நின்றது. கூலி கொடுக்கும் நான்-லீக் கிளப்புகளுக்கு 1969 முதலே எஃப்ஏ டிராபி இருந்தது. சிறிய கிளப்புகளுக்கு எஃப்ஏ வாஸ் புதிதாக வந்தது.

இதனால் பிஷப் ஆக்லாந்துக்கு நேர்ந்ததைக் கவனியுங்கள். நேற்றுவரை அமெச்சூர் உலகத்தின் உச்சிக் கிளப். இன்று எல்லாக் கிளப்புகளும் ஒரே ஏணியில். அதில் இதன் இடம் நடுவிலும் கீழே. வென்ற பத்துக் கோப்பைகளும் நின்றுபோன ஒரு போட்டியின் கோப்பைகள்.

ஊரின் நிலையும் சேர்ந்துகொண்டது. 1951இல் டர்ஹம் மாவட்ட நிர்வாகம் 114 கிராமங்களை ‘டி’ வகை என்று குறித்தது. சுரங்கம் தீர்ந்த அந்த ஊர்களில் புதிதாக முதலீடு இல்லை, மக்கள் தாமாகவே வெளியேறட்டும் என்பது திட்டம். சனிக்கிழமை மைதானத்தை நிரப்பியவர்கள் அந்தக் கிராமத்துக்காரர்கள்தான். டர்ஹமுக்குப் போன பயணிகள் ரயில் 1964இலும், க்ரூக்குக்குப் போனது 1965இலும் நின்றன. பக்கத்து ஊரான ஷில்டனின் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1984இல் மூடியது. இதற்கிடையே வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. கார் வாங்கியவர் நியூகாசிலுக்கோ சண்டர்லாண்டுக்கோ ஓட்டிப்போய் முதல் டிவிஷன் பார்த்தார்.

ஏணியில் ஏற மறுத்த லீக்

1979இல் நான்-லீக்கின் மேல்தட்டுக் கிளப்புகள் சேர்ந்து அலையன்ஸ் பிரீமியர் லீக்கை உருவாக்கின. அதற்குக் கீழே பகுதி லீக்குகள், அவற்றுக்குக் கீழே மாவட்ட லீக்குகள் என்று ‘பிரமிடு’ அமைந்தது. 1987 முதல் அதன் உச்சி லீக்கின் சாம்பியன் நேரடியாக ஃபுட்பால் லீக்குக்கு ஏறலாம். முதலில் ஏறியது ஸ்கார்பரோ. வாக்கெடுப்பு முறை ஒழிந்தது.

நார்தர்ன் லீக்குக்கும் அழைப்பு வந்தது. அது மறுத்தது. நூறாண்டுப் பெருமை ஒரு காரணம். மற்றது நடைமுறை: பிரமிடில் சேர்ந்தால் ஏறிய கிளப் மாவட்டம் கடந்து பயணம் செய்ய வேண்டும், சம்பளமும் கூடும். 1991இல் ஒருவழியாகச் சேர்ந்தபோது மற்ற லீக்குகள் மேல்படிகளைப் பிடித்துவிட்டன. நார்தர்ன் லீக்குக்குக் கீழ்ப்படிதான் கிடைத்தது. அந்தத் தாமதத்தின் விலையை இன்றும் அந்தப் பகுதிக் கிளப்புகள் கொடுக்கின்றன என்பது எங்கள் கருத்து.

19 முறை நார்தர்ன் லீக்கை வென்ற பிஷப் ஆக்லாந்து 1988இல் காத்திருக்காமல் வெளியேறி நார்தர்ன் பிரீமியர் லீக்கில் சேர்ந்தது. முதல் சீசனிலேயே மேல் டிவிஷனுக்கு ஏறியது. ஆனால் பயணம் மாறிவிட்டது. முன்பு எதிரணி ஊர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இருந்தன. இப்போது வடக்கு வேல்ஸின் பேங்கர், கெர்னார்வன் வரை, ஒரு வழிக்கு 300 கிலோமீட்டர் அளவில் போக வேண்டும். புதன்கிழமை இரவு அவ்வளவு தூரம் ஆடப்போகும் ஆட்டக்காரர் மறுநாள் காலை வேலைக்குப் போக முடியாது. அரை நாள் சம்பளத்தைக் கிளப்தான் ஈடுகட்ட வேண்டும். எதிரணி ரசிகர்களும் அவ்வளவு தூரம் வருவதில்லை. பக்கத்து ஊர் அணி வந்தால் கேட்டில் கிடைத்த பணம் இல்லாமல் போனது. ஏறுவதால் செலவு கூடி வரவு குறையும் இந்தக் கணக்கு, நான்-லீக்கில் ஏறிய பல கிளப்புகளை உடைத்திருக்கிறது.

கிங்ஸ்வே

இனி மைதானம். கிளப்பின் பழைய வீடான கிங்ஸ்வேயில் ஒரு பக்கம் கிரிக்கெட் கிளப்பின் ஆடுகளம். ஆகவே கால்பந்துக் களத்துக்கு மூன்று பக்கம்தான் நிலையான மேடைகள். நான்காவது பக்கம் திறந்த புல்வெளி. 1952இல் கவன்ட்ரி சிட்டி எஃப்ஏ கோப்பைக்கு வந்தபோது சுமார் 17,000 பேர் அங்கே நெருக்கியடித்து நின்றார்கள்.

இன்றைய விதிகளில் அப்படிப்பட்ட மைதானம் பெரிய சிக்கல். நான்-லீக்கின் ஒவ்வொரு படிக்கும் மைதானத் தரவிதி உண்டு. களத்தைச் சுற்றி நான்கு பக்கமும் நிலையான தடுப்புக் கம்பி வேண்டும். எல்லைக்கோட்டிலிருந்து அதற்குக் குறைந்தது 1.83 மீட்டர் இடைவெளி. மின்விளக்கு, கூரையுள்ள இருக்கைகள், நுழைவாயில்கள், நடுவருக்குத் தனி அறை எல்லாம் அளவெடுத்துப் பார்ப்பார்கள். வசந்தகாலத்தில் கெடு தேதி. அதற்குள் வேலை முடியாவிட்டால் லீக்கை வென்றாலும் ஏற முடியாது. கோடையில் கிரிக்கெட் ஆட வேண்டிய பக்கத்தில் நிலையான கம்பி நடமுடியாது. மேலும் கிரிக்கெட் சீசன் செப்டம்பர் வரை நீளும், கால்பந்து ஆகஸ்டில் தொடங்கிவிடும். அந்த வாரங்களில் தேதிகள் முட்டும்.

2000களின் தொடக்கத்தில் கிளப் கிங்ஸ்வேயை விட்டு வெளியேறியது. அடுத்த பல ஆண்டுகள் ஷில்டனிலும் வெஸ்ட் ஆக்லாந்திலும் மற்றவர் மைதானங்களில் ஆடியது. தூரம் 5 கிலோமீட்டர்தான், என்ன கெட்டுப்போகும் என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றும். கெட்டுப்போவது இப்படி: மைதானச் சொந்தக்காரருக்கு வாடகை கொடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் மதுக்கூடத்தில் விற்பதன் லாபம் அவருக்கே; நான்-லீக் கிளப்புக்குக் கேட் வசூலுக்கு இணையான வருமானம் அதுதான். சுற்றுச்சுவர் விளம்பரத்தை உள்ளூர்க் கடைக்காரர் வாங்க மாட்டார், பார்க்கிறவர்கள் வேறு ஊர்க்காரர்கள். சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி இடம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தே மைதானத்துக்கு வந்த முதியவர் ஒருமுறை வராமல் போனால் பழக்கம் விட்டுப்போகும். ஐந்தாறு ஆண்டு கழிந்தால், அப்பாவோடு முதல் ஆட்டம் பார்க்க வேண்டிய ஒரு தலைமுறைக் குழந்தைகளே தவறிவிடுகிறார்கள்.

2006இல் நார்தர்ன் லீக்குக்குத் திரும்பி இறங்கியது இந்த வீடற்ற காலத்தின் நடுவில்.

2010இல் ஊரின் தென்மேற்கு ஓரத்தில் ஹெரிடேஜ் பார்க் திறந்தது. கொள்ளளவு 1,950, அதில் 250 இருக்கைகள். நான்கு பக்கமும் கம்பி, சொந்த மதுக்கூடம், சொந்த நுழைவாயில். இந்தப் படியில் ஒரு கிளப்பின் வரவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு: 300 பேர் தலைக்கு 8 பவுண்ட் கொடுத்தால் ஓர் ஆட்டத்துக்கு 2,400 பவுண்ட். சொந்த ஊர் ஆட்டம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. மழையில் களம் ஊறி ஆட்டம் தள்ளிப்போனால் அது செவ்வாய் இரவுக்கு மாறும், கூட்டம் பாதியாகும். அதிலிருந்துதான் நடுவர் கட்டணம், மின்சாரம், புல் பராமரிப்பு, ஆட்டக்காரர் படி எல்லாம் போக வேண்டும். ஆட்டக்காரர் பெரும்பாலும் ஒப்பந்தமில்லாதவர். வேறொரு கிளப் ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவரிடம் பேசலாம். வாரம் 50 பவுண்ட் கூடுதலாகத் தருகிறவரிடம் முன்கள வீரர் போய்விட்டால் தடுக்க வழியில்லை.

ஆகையால்தான் ஒவ்வொரு ஆகஸ்டிலும் எஃப்ஏ கோப்பையின் ஆகத் தொடக்கச் சுற்றான கூடுதல் முதனிலைச் சுற்று இந்தக் கிளப்புகளுக்கு அவ்வளவு முக்கியம். அண்மை சீசன்களில் அந்தச் சுற்றை வென்றால் 1,125 பவுண்ட், தோற்றால் 375. அடுத்த முதனிலைச் சுற்றை வென்றால் 1,444. முதல் தகுதிச் சுற்றை வென்றால் 2,250. மூன்று ஆட்டம் வென்றால் ஏறத்தாழ 4,800 பவுண்ட் கையில். 1955இல் இப்ஸ்விச்சை 3–0 என்று அடித்தது இதே கோப்பையின் மூன்றாம் சுற்றில். இப்போது அந்தச் சுற்றுக்குப் போக, கூடுதல் முதனிலைச் சுற்றில் தொடங்கும் கிளப் அதற்கு முன் எட்டு எதிரணிகளைத் தாண்ட வேண்டும்.